வண்ணாரப்பேட்டையிலிருந்து தேரடி வரை

சுற்றுலா என்றாலே எங்கள் பள்ளியில் மாமல்லபுரம்தான். இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம்ம வடசென்னை ஏரியாவையே சுற்றிக் காட்டப்போகிறேன் என்றதும், "தினமும் பாக்குற இடத்துல பாக்குறதுக்கு இன்னா இருக்குது மிஸ்?" என்று முதல் பெஞ்சிலிருந்தே கேள்வி வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை 34 பேரோடு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினோம். 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டிய பாதை இது. பாடத்தை ரயிலுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன், நிலையங்களின் பெயரே அதற்குப் போதும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் துணி ஏற்றுமதி செய்த காலத்தில் அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிய சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று கூப்பிட்டார்கள், அதிலிருந்து வந்ததுதான் தண்டையார்பேட்டை என்பார்கள். காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமே இல்லை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர், காலட்பேட்டை நம் வாயில் புரண்டு இப்படி ஆகிவிட்டது. அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் அடுத்த ஸ்டேஷன் பெயருக்கு என்ன கதை என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கி நடந்தால் தியாகராஜர் கோயில். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மனைக் கும்பிட வந்து பழகியவர்கள்தான் எல்லோரும், ஆனால் கருவறையின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்திருப்பதை யாரும் நின்று பார்த்ததில்லை. தூங்கானை மாடம் என்று பெயர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் இதைக் கருங்கல்லில் எழுப்பிய தச்சனின் பெயர் ரவி, வீரசோழத் தச்சன் என்ற பட்டமும் அவருக்கு உண்டு. ராஜாவின் பெயரோடு வேலை செய்தவரின் பெயரும் கல்வெட்டில் நிற்பது எனக்கு எப்போதுமே பெரிய விஷயம். சுவரில் வெட்டியிருந்த எழுத்துகளை ஒருத்தி உற்றுப் பார்த்துக்கொண்டே வந்து, "மிஸ், இது ட, இது ப, இது ய" என்றாள். அவ்வளவுதான், 34 தலைகளும் சுவர்ப் பக்கம் சாய்ந்துவிட்டன, வெளியே கூட்டிவருவதற்குள் மதியமாகிவிட்டது.

அப்புறம் பள்ளி மைதானத்தில் பறை. ஏரியாவில் பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஒருவர் வந்திருந்தார். முதலில் தட்டிக் காட்டினார், தொப் தொப்பென்று விழுந்தது. "கடக்காத்து, தோலு ஈரம் கோத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, பழைய அட்டையையும் வைக்கோலையும் கொளுத்தி, பறையைத் தீக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். நடுநடுவே விரலால் சுண்டிக் கேட்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி காட்டுவார். நாலாவது முறை சுண்டியபோது கணீரென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பின்வரிசைப் பையன்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். வேம்பிலோ பூவரசிலோ சட்டம் செய்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுவார்களாம். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெலிந்து நீண்ட சுண்டுக்குச்சி.

"எங்க தெருவுல சாவுக்கு அடிப்பாங்க மிஸ், எங்கம்மா உடனே ஜன்னல சாத்திடுவாங்க" என்றாள் ஒரு பெண். அண்ணன் கோபப்படவில்லை, "என் கல்யாணத்துக்கும் இதான்மா அடிச்சாங்க" என்று குச்சிகளை அவளிடமே கொடுத்தார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஐந்திணைப் பாடத்தில் வரும் கருப்பொருள் அட்டவணையில், ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை: குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை என்று வருஷா வருஷம் மனப்பாடம் செய்ய வைக்கிறேன், ஒரு தடவைகூட ஒரு பறையை வகுப்புக்குள் கொண்டுவந்ததில்லை.

"நம்மளுது நெய்தல், மீன்கோட்பறை" என்று யாரோ சொல்ல, காசிமேட்டுப் பையன் ஒருவன் மறுத்தான். அவர்கள் பக்கம் வலை இழுக்கும்போது பாட்டுதானாம், அம்பாப் பாட்டு, அவன் தாத்தா நன்றாகப் பாடுவாராம். அவரை வகுப்புக்குக் கூட்டிவர முடியுமா என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்துகினு எல்லாம் பாட மாட்டாரு மிஸ். கையில வலை இருக்கணும். நீங்க எல்லாரும் அங்க வாங்க."

அடுத்த சனிக்கிழமை காசிமேடு. விடியற்காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறான்.