வாய்மொழித் தேர்வும் முந்நூறு கேள்விகளும்

ரஷ்யாவுக்குப் பிள்ளைகளை மருத்துவம் படிக்க அனுப்ப எண்ணும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது கட்டணத்தைப் பற்றி. அடுத்தது குளிர், அதற்கடுத்தது சாப்பாடு. இம்மூன்றுக்கும் பதில் சொல்வது எளிது. ஆனால், அங்கே பாடம் எப்படி நடத்துகிறார்கள், தேர்வு எப்படி வைக்கிறார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. வோல்கா ஆற்றங்கரை நகரம் ஒன்றில் ஆறாண்டுகள் படித்துத் திரும்பி, இங்கே தகுதித் தேர்வும் எழுதி, இப்போது அரசு மருத்துவமனையில் பணியாற்றும் எனக்கு, மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

அங்கே ஒரு வகுப்பு என்பது பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழு. பெருவிரிவுரைகள் தனியாக நடக்கும். ஆனால் படிப்பின் உயிர் இந்தக் குழு வகுப்பில்தான் இருக்கிறது. ஆசிரியர் உள்ளே வந்ததும் முந்தைய நாள் கொடுத்த பாடத்திலிருந்து ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேள்வி கேட்பார். ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை கிடையாது. வகுப்புக்கு வராமல் போனால் அது வருகைப் பதிவில் ஒரு கோடாக முடிந்துவிடாது. 'அத்ரபோத்கா' என்ற பெயரில் அந்த வகுப்பின் பாடத்தைப் படித்துக்கொண்டு, துறைக்குத் தனியே சென்று, ஆசிரியர் ஒருவரிடம் ஒப்பித்து, அதைத் தீர்த்தாக வேண்டும். தீர்க்காதவர்களைப் பருவத் தேர்வுக்கு அனுமதிக்க மாட்டார்கள். டிசம்பர் மாத மாலைகளில், நான்கு மணிக்கே இருட்டிவிட்ட தாழ்வாரத்தில், அத்ரபோத்காவுக்காக வரிசையில் நிற்கும் மாணவர்களில் நம்மூர்ப் பையன்கள் கணிசமாக இருப்பார்கள்.

தேர்வும் பெரும்பாலும் வாய்மொழிதான். மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் 'பிலெட்' எனப்படும் சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் மூன்று நான்கு கேள்விகள் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் குறிப்பெழுதிக்கொள்ளச் சற்று நேரம் தருவார்கள். பிறகு பேராசிரியரின் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். மருந்தியல் என்றால், லத்தீனில் மருந்துச் சீட்டு எழுதிக் காட்ட வேண்டும். வேற்றுமை உருபு பிழையானால் அந்த இடத்திலேயே பேனாவால் சுழிப்பார். ஐந்து என்றால் மிக நன்று, மூன்று என்றால் தப்பித்தோம், இரண்டு என்றால் மறுபடி வர வேண்டும். மதிப்பெண்ணை மாணவரின் சிறு புத்தகத்தில் அவரே எழுதி ஒப்பமிடுவார். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவரை இரண்டு குறுக்குக் கேள்விகளிலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த முறை கற்றுத்தந்த நல்லவற்றுக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். அறுவை மருத்துவத் துறையில் குடல்வால் அழற்சியை (அப்பெண்டிசைட்டிஸ்) எங்களுக்கு நோயாளியின் படுக்கையருகே, கையால்தான் கற்பித்தார்கள். நோயாளியை இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னால் வலி கூடுகிறதா என்று பார்ப்பது சித்கோவ்ஸ்கி குறி. சட்டையைக் கீழே இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மேல்வயிற்றிலிருந்து வலது அடிவயிறு நோக்கி விரல்நுனிகளை விரைவாகச் சறுக்கினால், முடியும் இடத்தில் வலி சுள்ளென்று எழுவது வொஸ்கிரெசென்ஸ்கி குறி. உள்மருத்துவத்தில் அடிவயிற்றைத் தொட்டறிய, கீவ் நகரில் பணியாற்றிய ஒப்ராஸ்த்சோவும் ஸ்த்ரஷேஸ்கோவும் வகுத்த ஆழ்சறுக்கு முறையை வரிசைக்கிரமமாகச் செய்து காட்ட வேண்டும். எந்தக் குடற்பகுதி முதலில், எந்தக் கை எங்கே, நோயாளி எப்போது மூச்சை விட வேண்டும் என எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இங்கே வந்த பிறகு, வயிற்று வலி என்றவுடன் கை போவதற்கு முன்பே ஸ்கேனுக்குச் சீட்டு போவதைப் பார்க்கும்போது, அந்தக் கிழட்டு ஆசிரியர்களின் கண்டிப்பை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற எழுத வேண்டிய, 2002 முதல் நடத்தப்படும் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் சித்கோவ்ஸ்கிக்கு இடமில்லை. கணினித் திரையில் 300 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், தேர்ச்சிக்கு 150, ஆண்டுக்கு இருமுறை. இந்தியாவின் தேசிய நலத்திட்டங்கள், தடுப்பூசி அட்டவணை, காசநோய் ஒழிப்புத் திட்டம் என்று சமூக மருத்துவம் அதில் கணிசமான பங்கு வகிக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட ரஷ்யப் பேராசிரியர் சொல்லித்தர மாட்டார், சொல்லித்தர வேண்டிய கடமையும் அவருக்கில்லை. தேர்ச்சி விழுக்காடு பல ஆண்டுகளாக இருபதைச் சுற்றியே இருப்பதற்கு மாணவர்களின் சோம்பலை மட்டும் காரணம் காட்டுகிறவர்கள், பேசிக் காட்டப் பழகியவரைத் திடீரென்று விடையைத் தெரிவு செய்யச் சொல்வது எத்தகைய மாற்றம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நடைமுறையில், மூன்றாம் ஆண்டிலிருந்தே மாணவர் இரண்டு படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கிறார்: பகலில் பல்கலைக்கழகத்தின் பாடம், இரவில் ஹாஸ்டல் அறையில் இந்தியக் கேள்வி வங்கி.

நோய்களிலும் இதே இடைவெளி உண்டு. அங்கே உறைபனிப் புண்ணையும் உண்ணிக் கடியால் வரும் மூளைக்காய்ச்சலையும் விரிவாகப் படித்தேன். பாம்புக்கடிக்கும் பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கும் செய்ய வேண்டியதை நான் கற்றது இங்கே, பயிற்சி மருத்துவராக நின்ற இரவுப் பணிகளில்தான்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "முழுக்க ஆங்கிலவழிதான், ரஷ்ய மொழி தேவையே இல்லை" என்று எங்களை அனுப்பிவைத்த ஏஜென்ட் சொன்னார். வகுப்பறை வரை அது உண்மை. மருத்துவமனை வாசலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்து, செருப்புக்கு மேல் நீல நிற உறையை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்ததும் ஆங்கிலம் முடிந்துவிடும். கட்டிலில் இருக்கும் பாட்டிக்குத் தெரிந்தது ரஷ்ய மொழி மட்டும். எங்கே வலி, எப்போது தொடங்கியது, மூச்சை இழுங்கள், அடக்குங்கள் என்பதைக் கேட்கத் தெரிந்த மாணவரிடம் அவர் மருமகள் வரை எல்லாக் கதையும் சொல்வார். தெரியாத மாணவர் ஆசிரியர் மொழிபெயர்த்துத் தருவதை மட்டும் எழுதிக்கொண்டு, நோயாளியைத் தொடாமலே வெளியே வருவார். முதல் இரண்டாண்டுகளில் ரஷ்ய வகுப்பை அலட்சியப்படுத்தியவர்கள் இந்த இரண்டாவது வகையில் போய் நின்றார்கள்.

இப்போது போகிறவர்களுக்கு இது கூடுதல் கவனத்துக்கு உரியது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட விதிகளின்படி, அதன் பிறகு சேர்ந்தவர்களின் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கிலவழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளுறைப் பயிற்சியும் (இன்டர்ன்ஷிப்), திரும்பியபின் இந்தியாவில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். எல்லாம் பத்தாண்டுகளுக்குள் முடிய வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியும் வேண்டும் என்கிறது அதே விதி. ரஷ்யாவில் அந்தத் தகுதிக்கான அக்ரெடிட்டேஷன் தேர்வு ரஷ்ய மொழியில் நடக்கிறது. ஆகவே சேர்வதற்கு முன், உள்ளுறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம், சான்றிதழில் அது தனியாகக் குறிப்பிடப்படுமா, ரஷ்ய மொழி எத்தனை பருவங்களுக்குக் கற்பிக்கப்படும் என்ற கேள்விகளுக்குப் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு எழுத்தில் பதில் கேளுங்கள். ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்தியை ஆணையம் ஆவணமாக ஏற்காது.