சோறு என்று எழுதிய சதுரம்

"பாப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்டார், இன்று காலை சியோலின் குவாங்ஜாங் சந்தையில் பச்சைப்பயறு அடை சுட்டுக்கொண்டிருந்த மூதாட்டி.

'சோறு சாப்பிட்டீர்களா?' என்பதுதான் பொருள். கொரியர்கள் நலம் விசாரிக்கும் முறையும் அதுவே. அயலூரில் நம் வீட்டுத் திண்ணைக் குரலைக் கேட்டதுபோல் நெகிழ்ந்து போனேன்.

உடனே பதில் சொல்லத் தெரியாமல், எதிர்க்கடைப் பலகையில் இருந்த 'பாப்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று எழுத்துகள் ஒரே சதுரத்துக்குள் அடுக்கப்பட்டிருந்தன.

கொரிய மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்த 'ஹங்குல்' என்ற அந்த எழுத்துமுறையில், 'ம' ஒலியின் எழுத்து வாயின் வடிவைக் காட்டும் சிறு கட்டம். அதே உதடுகளில் பிறக்கும் 'ப' ஒலிக்கு, அக்கட்டத்தின் மேல் இரு கோடுகள் நீள்கின்றன.

சீன எழுத்துகளைக் கற்க வாய்ப்பில்லாத எளிய மக்களும் தம் மனத்தில் உள்ளதை எழுத வேண்டும் என்ற அக்கறையிலிருந்து பிறந்த வடிவமைப்பு இது. இதைவிட அழகான ஒன்றை இந்த நகரத்தில் நான் இன்னும் காணவில்லை.

"ஆஜிகியோ" என்றேன், இன்னும் இல்லை என்று.

சூடான அடை ஒன்று என் தட்டுக்கு வந்தது.