இயல் பகுப்பு: ஒரு கூத்து ஆய்வேடு எழுதிய கதை

வேலூர் மாவட்டத்துப் பாரதக் கூத்தை, அதாவது பாரதக் கதையை ஆடும் தெருக்கூத்தை, பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்ற ஆண்டு ஒப்படைத்தேன். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே, 2018இல் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்தவன் நான். அதன் பிறகு என்னைத் தேடி வரும் இளைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றையே: இயல்களை எப்படிப் பிரிப்பது? அதற்கு நான் தடுமாறிய கதையைத்தான் விடையாகச் சொல்ல முடிகிறது.

பதிவின்போது நான் கொடுத்த ஆய்வுத் திட்டத்தில் ஐந்து இயல்கள் இருந்தன. முதலில் தெருக்கூத்தின் தோற்றமும் வளர்ச்சியும், அடுத்துக் கதைகள், அதற்கடுத்துப் பாத்திரங்கள், பிறகு ஒப்பனையும் இசையும், கடைசியில் சமுதாயப் பின்னணி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏற்றப்பட்டிருக்கும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் சிலவற்றைப் புரட்டி, அவற்றின் பொருளடக்கத்தைச் சற்றே மாற்றி எழுதிக்கொண்ட திட்டம் அது. குழுவில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் அது ஒப்புதல் பெற்றபோதே எனக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். கூத்தை எடுத்துவிட்டுப் பொம்மலாட்டம் என்றோ கரகாட்டம் என்றோ எழுதினாலும் அந்தத் திட்டம் அப்படியே பொருந்தியிருக்கும்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அது உடைந்தது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பிரசங்கியார் பாரதம் படித்துப் பொருள் சொல்வார், இரவில் ஜமா, அதாவது கூத்துக் குழு, கட்டை எனப்படும் மர அணிகளைக் கட்டி ஆடும். சூது துகிலுரிதல் நடக்கும் இரவில், துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டம் நிற்கும், கற்பூரம் ஏற்றப்படும், அவர் அம்மனிடம் பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொள்வார். இதைக் கதை என்ற இயலில் வைப்பதா, பாத்திரத்தில் வைப்பதா, சமுதாயத்தில் வைப்பதா என்று தெரியாமல் மூன்றிலும் எழுதினேன். அருச்சுனன் தபசிலும் இதே சிக்கல். நட்டு வைத்த பனைமரத்தின் உச்சியில் ஏறி நின்று பாடும் வேடக்காரர் கீழே எறியும் எலுமிச்சம் பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்திக் காத்திருப்பதை, பாட்டைப் பற்றிய இயலில் ஒரு முறையும் சடங்கு என்ற உட்தலைப்பில் மறுமுறையும், கிட்டத்தட்ட அதே சொற்களில் எழுதியிருந்தேன்.

நூற்றிருபது பக்கத்தை வாங்கிப் படித்த என் நெறியாளர் அம்மா, பிழை எதையும் குறிக்கவில்லை. "தம்பி, இரண்டாவது இயல் எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று மட்டும் கேட்டார். நான் "கதைகள், அம்மா" என்றேன். "அது நீங்கள் சேர்த்து வைத்திருப்பது. நான் கேட்டது கேள்வியை" என்றார். காட்பாடிக்குப் பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அவர் மேல் கோபமாக இருந்தது. ஓடைப்பிள்ளையார் கோயில் நிறுத்தம் வருவதற்குள் அந்தக் கோபம் என் மேல் திரும்பியிருந்தது.

அடுத்த இரண்டு மாதங்கள் ஒரு பக்கமும் எழுதவில்லை. பதிவு செய்து வைத்திருந்த ஒலிக்கோப்புகளைத் திரும்பக் கேட்டுக்கொண்டு, உண்மையாகவே எனக்கு விடை தெரியாத கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் குறித்தேன். வில்லிபாரதத்தை வைத்துப் பகலில் சொல்லப்படும் பாரதமும் இரவில் ஆடப்படும் பாரதமும் எந்தெந்த இடங்களில் பிரிந்து போகின்றன, ஏன் அந்த இடங்களில் மட்டும்? நடிப்பு எந்தக் கணத்தில் வழிபாடாக மாறுகிறது, அதை வேடக்காரரும் ஊராரும் ஒருவருக்கொருவர் எப்படித் தெரிவித்துக்கொள்கிறார்கள்? வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை அழைக்கும் ஊர், ஆட்டத்தின் எந்தப் பகுதியில் தலையிட உரிமை கொண்டாடுகிறது? கூத்தை அறிவித்து நடத்தும் கோமாளியான கட்டியக்காரன் மட்டும் ஏன் கதைக்குள்ளும் ஊருக்குள்ளும் ஒரே நேரத்தில் நிற்க முடிகிறது? இந்த நான்கும் நான்கு இயல்களாயின. ஒப்பனையும் இசையும் தனி இயல் என்ற தகுதியை இழந்து, தேவைப்பட்ட இடத்தில் சான்றுகளாக வந்து நின்றன. கூத்தில் ஊதும் குழல் கருவியான முகவீணையைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பதினோரு பக்கத்தில் இரண்டு பத்திகள்தாம் மிஞ்சின. இன்றும் அது குறித்து எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

எழுதும் வரிசையும் பக்க வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் பிடிபட்டது. வழிபாடு பற்றிய இயல் ஆய்வேட்டில் மூன்றாவது, ஆனால் நான் முதலில் எழுதியது அதைத்தான். களத்தில் என்னை உலுக்கிய செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. முன்னுரையைக் கடைசியில் எழுதினேன். "ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே" என்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திய நான், அதே நன்னூல், பாயிரத்தை, அதாவது நூலின் முன்னுரையை, நூலாசிரியன் தானே பாடாமல் அவனுடைய ஆசிரியனோ உடன் கற்றவனோ மாணாக்கனோ உரைகாரனோ பாட வேண்டும் என்று சொல்வதை யோசித்ததே இல்லை. நூல் முழுவதையும் வெளியில் நின்று பார்த்தவனால்தான் அதற்கு முகம் எழுத முடியும் என்பது அதன் காரணமாக இருக்கலாம். ஆய்வாளனுக்கு அந்த வசதி இல்லை. தானே எழுதியாக வேண்டும். ஆகவே எல்லா இயல்களையும் முடித்து, மூன்று வாரம் கட்டி வைத்துவிட்டு, அடுத்தவர் எழுதியதைப் படிப்பது போலப் படித்த பிறகே முன்னுரையைத் தொடங்கினேன்.

ஒரு நூலுக்கே உரிய முன்னுரையான சிறப்புப்பாயிரத்துக்கு நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்களில் எனக்கு மிகுந்த தொல்லை தந்தது எல்லை. தலைப்பில் "வேலூர் மாவட்டம்" என்று பதிவு செய்திருந்தேன். 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. நான் ஆய்வு செய்த பதினான்கு ஊர்களில் ஒன்பது வெளியே போய்விட்டன. தலைப்பை மாற்றக் குழுவின் ஒப்புதல் வேண்டும், படிவம் வேண்டும், காத்திருக்க வேண்டும். எங்கள் ஜமாக்களோ 1989இல் வட ஆர்க்காடு பிரிந்ததையே பொருட்படுத்தாமல் போளூருக்கும் ஆரணிக்கும் இன்றுவரை ஆடப் போகிறவை. கடைசியில் "ஒன்றுபட்ட" என்ற ஒரு சொல்லைத் தலைப்பில் சேர்க்க ஒப்புதல் வாங்கினேன். ஜமாக்கள் போகும் வழியையே ஆய்வெல்லையாகக் கொண்டதற்கான காரணத்தை முன்னுரையில் இரண்டு பக்கம் எழுதினேன். புறத்தேர்வாளர் ஒருவர் தம் அறிக்கையில் பாராட்டிய பகுதி, விபத்தாக வந்த அந்த இரண்டு பக்கம்தான்.

திருத்தும்போதும் நன்னூலின் பத்துக் குற்றங்களையே ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொண்டேன். கூறியது கூறலை ஏற்கெனவே பார்த்தாயிற்று. மற்றொன்று விரித்தல் என் பிறவிக் குணம்: சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோர் ஆடலில் தொடங்கி இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தேன், என் கேள்விகளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, மூன்று பக்கமாகச் சுருக்கினேன். மிகக் கொடியது சென்று தேய்ந்து இறுதல். கட்டியக்காரனைப் பற்றிய இயல் முப்பது பக்கம் விறுவிறுப்பாகப் போய், பிறகு வெறும் மேற்கோள்களாக உலர்ந்து கிடந்தது. கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில், வேலூர் வெயிலில், முடித்தால் போதும் என்று எழுதிய பகுதி அது என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அம்மா சரியாக அந்தப் பக்கத்தில் கோடு போட்டு, "இங்கே பள்ளி திறந்துவிட்டதா?" என்று எழுதியிருந்தார்.

மற்றவை விரைவில் சொல்லத் தக்கவை. இயல்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டியதில்லை. என் நான்கில் ஒன்று எழுபது பக்கம், மற்றொன்று முப்பத்தைந்து. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி பிறர் எழுத்தோடு பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. மேற்கோள் குறிக்குள் உரிய குறிப்போடு இருப்பவை கணக்கில் வரா. ஆதலால் பாட்டுகளை முதல் நாளிலிருந்தே முறையாக மேற்கோளாக்கி வையுங்கள், யூனிக்கோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் இருந்ததை மாற்ற எனக்கு ஒரு மாதம் போயிற்று.

ஒலிப்பதிவிலிருந்து எழுதியெடுத்த பாட்டுகளும் வசனங்களும் பின்னிணைப்பாக நூற்று நாற்பது பக்கம் வந்தன. வாய்மொழித் தேர்வு முடிந்த வாரம், எனக்கு நான்கு பருவம் இடம் கொடுத்த ஜமாவின் வாத்தியாரிடம் ஒரு படியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு இயல்களையும் ஒரே பிடியாகப் புரட்டித் தள்ளிவிட்டு, பின்னிணைப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் பாடிப் பார்க்கத் தொடங்கினார். துகிலுரிதலில் ஆறாவது பாட்டு வந்ததும் நிறுத்தி, "வாத்தியாரே, இந்த அடி இங்க வராதே" என்று பென்சில் கேட்டார்.