எடிட்டர் எடுப்பதற்கு முன் தமிழில் தட்டிப் பாருங்கள்

வெப் பக்கத்திலேயே போல்டு, தலைப்பு எல்லாம் போட்டு எழுத ஒரு பெட்டி, அதாவது ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் வேண்டும் என்றதும் எல்லாரும் டூல்பாரைத்தான் பார்க்கிறார்கள். போல்டு இருக்கா, டேபிள் வருமா என்று. நான் முதலில் பார்ப்பது, தட்டியது உள்ளே எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

2000-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 கொண்டுவந்த கன்டென்ட்எடிட்டபிள், அதாவது பக்கத்தின் ஒரு பகுதியை பிரவுசரிலேயே திருத்த விடும் வசதிதான் இன்றைக்கும் பெரும்பாலான எடிட்டர்களுக்கு அடித்தளம். அதை அப்படியே நம்பினால் ஹெச்டிஎம்எல் உங்கள் கையில் இருக்காது. என்டர் தட்டினால் ஒவ்வொரு பிரவுசரும் ஒரு டேக் போட்டது: குரோம் <div> போட்டது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் <p> போட்டது, பழைய ஃபயர்பாக்ஸ் <br> போட்டது. போல்டு போன்றவற்றைப் போட பிரவுசர் தந்த எக்ஸெக்கமாண்ட் என்ற கட்டளையையும் இப்போது கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள்.

புரோஸ்மிரர் என்ற எடிட்டர் லைப்ரரி இதைத் தலைகீழாக்குகிறது. ஆவணத்தில் என்னென்ன இருக்கலாம் என்று ஒரு ஸ்கீமாவில் (விதிப்பட்டியலில்) நீங்களே எழுதிவிடுகிறீர்கள், தலைப்புக்குள் டேபிள் கூடாது என்றால் அது வரவே வராது, திரையில் தெரிவது அந்த ஆவணத்தின் தோற்றம் மட்டும்தான். குவில் என்ற எடிட்டர் ஆவணத்தை டெல்டா என்ற ஜேசன் (JSON) தரவு வடிவத்தில் வைக்கிறது. 2022-இல் மெட்டா வெளியிட்ட லெக்சிகல் எடிட்டருக்கும் ஆவணத்தை வைக்கத் தனி மாடல் உண்டு. அதே நிறுவனத்தின் பழைய எடிட்டரான டிராஃப்ட் ஜேஎஸ் இப்போது ஆர்கைவ் ஆகிவிட்டது, அதாவது பராமரிப்பு நின்றுவிட்டது, புதிய வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு கீபோர்டில் தட்டும்போது கீடவுன் நிகழ்வில் (விசை அழுத்தியதை பிரவுசர் சொல்லும் செய்தியில்) எந்த எழுத்து என்று தெரியாது, பெரும்பாலும் 229 என்ற எண்தான் வரும், சொல் முழுதாகும்வரை கம்போசிஷன், அதாவது கீபோர்டு எழுத்தைக் கூட்டி அமைக்கும் வேலை, ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் எடிட்டர் டாமை (DOM, பிரவுசர் வைத்திருக்கும் பக்க அமைப்பை) திருப்பி வரைந்தால் எழுத்து இரட்டிக்கும், கர்சர் குதிக்கும். 'கொ' தட்டி ஒரு பேக்ஸ்பேஸ் அடியுங்கள், 'க' மட்டும் நிற்க வேண்டும். 'ஸ்ரீ' உள்ளே நான்கு யூனிகோட் குறியீடுகள், அதன் நடுவில் போல்டு தொடங்கினால் எழுத்து உடைந்துபோகும். டெமோ பக்கத்தை உங்கள் போனிலேயே திறந்து ஒரு பத்தி தட்டினால் போதும், பாதி எடிட்டர்கள் அங்கேயே கழிந்துவிடும்.

என் தேர்வு: கமென்ட் பெட்டிக்கு வெறும் டெக்ஸ்ட்ஏரியாவும் (சாதாரண எழுத்துப் பெட்டி) மார்க்டவுனும் (**இப்படி** குறிகளால் போல்டு போடும் முறை). கட்டுரை எழுதும் இடத்துக்கு டிப்டாப் (Tiptap) எடிட்டர், அதன் அடியில் இருப்பதும் புரோஸ்மிரர்தான். டைனிஎம்சிஇ (TinyMCE) எடிட்டரை எடுப்பதாக இருந்தால் லைசென்ஸைப் படியுங்கள், எம்ஐடி என்ற தாராளமான லைசென்ஸில் இருந்தது 2024-இல் 7-ஆம் பதிப்போடு, நிபந்தனைகள் கூடிய ஜிபிஎல் ஆகிவிட்டது.

அப்புறம், எதை எடுத்தாலும் சர்வரில் ஹெச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யாமல், அதாவது தீங்கான ஸ்கிரிப்ட் போன்றவற்றை நீக்காமல் சேமிக்காதீர்கள். எடிட்டர் வடிகட்டும் என்று விடக்கூடாது. உங்கள் ஏபிஐக்கு (சர்வர் தரவை வாங்கும் வாசலுக்கு) நேராக அனுப்புகிறவர் எடிட்டரைத் திறக்கவே மாட்டார்.