சிஸ்டம்32 போனாலும் ஃபார்மேட் போட வேண்டியதில்லை

போன சனிக்கிழமை ராத்திரி, பெரியப்பாவின் மடிக்கணினியில் விண்டோஸ் ஓடத் தேவையான கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் பெரும்பகுதியை நானே அழித்துவிட்டேன். மறுநாள் காலை கோவில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. அவர் 9 வருஷமாகத் தட்டித் தட்டிச் சேர்த்த பாடங்கள் எல்லாம் அந்த ஒரே கணினியில்தான் இருக்கின்றன, வேறு பிரதி கிடையாது.

யாங்கோனில் இருப்பவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று தெரியும். 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, இங்கே தமிழ் எழுதப் படிக்கக் கற்பது என்றால் கோவிலிலும் வீட்டிலும்தான். பெரியப்பாவின் பாடங்களில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் பர்மிய அர்த்தம் இருக்கும். வீட்டில் பர்மிய மொழியே பேசி வளரும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். 120 ஜிபி எஸ்எஸ்டி, சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியது. உள்ளே பார்த்தால் பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு விட்டுப்போன பழைய விண்டோஸ், ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற பெயரில். வழக்கமாக 10 நாளில் தானாகவே போய்விடும், இதில் என்னவோ போகவில்லை. எக்ஸ்ப்ளோரரில் அழிக்கப் பார்த்தேன், அனுமதி இல்லை என்றது. டிஸ்க் கிளீனப்பில் ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்’ என்பதில் ஒரு டிக் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் அதைச் செய்யாமல், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு என்ற இயங்குதளம் இருக்கும் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினேன், அதாவது பூட் செய்தேன். விண்டோஸுக்குள் அந்தக் கோப்புகளை டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற கணக்கு காவல் காக்கிறது, நிர்வாகிக்குக்கூட சும்மா தொட அனுமதி இல்லை. உபுண்டுவிலிருந்து அதே டிஸ்க்கைத் திறந்தால் அந்தக் காவல் கிடையாது. எதை அழி என்றாலும் அழித்துவிடும்.

இரண்டு ஜன்னல் திறந்து வைத்திருந்தேன். ஒன்றில் பழைய விண்டோஸ், ஒன்றில் நிஜ விண்டோஸ். உள்ளே இரண்டிலும் அதே ஃபோல்டர்கள், அதே பெயர்கள். ஷிஃப்ட் டெலீட் அழுத்திய பிறகுதான் மேலே பாதையைப் பார்த்தேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது, நிறுத்திவிட்டேன், ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான கோப்புகள் போயிருந்தன. மறுபடி பூட் செய்தால் நீலத் திரை, விண்டோஸைத் தொடங்கும் ‘வின்லோட் டாட் எஃபி’ கோப்பைக் காணவில்லை என்று. கை நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கரும்பலகையை வைத்தே வகுப்பை நடத்தினார். நான் மடிக்கணினியை ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஃபார்மேட் போட்டுத் தருகிறேன், சாயங்காலம் வாருங்கள் என்றார். ஃபார்மேட் போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

முதல் வேலையாக மறுபடி உபுண்டுவில் பூட் செய்தேன், அழிக்க அல்ல, பிரதி எடுக்க. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டும் வெளி டிஸ்க்குக்குப் போயின. அதோடு விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்தேன், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரியப்பாவின் பழைய பாடங்களில் தமிழ் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் பர்மியம் ஜாவ்ஜி என்ற பழைய எழுத்துருவிலும் இருக்கின்றன. மியான்மர் அரசு 2019 அக்டோபர் 1-ல் யூனிகோடு என்ற பொது எழுத்துமுறைக்கு மாறிய பிறகு எழுதியவை மட்டும்தான் யூனிகோடு. பாமினி இல்லாத கணினியில் அந்தப் பாடத்தைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போவது எத்தனை கொடுமை!

அப்புறம் சிஸ்டம்32-க்குள் ‘கான்ஃபிக்’ ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தேன். விண்டோஸின் அமைப்பு விவரங்களைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி அங்கேதான் இருக்கிறது. கணினிக்குக் கணினி அது வேறு, எந்தப் பென் டிரைவிலிருந்தும் திரும்பக் கிடைக்காது. முன்பெல்லாம் விண்டோஸே ‘ரெக்பேக்’ என்ற ஃபோல்டரில் அதற்குப் பிரதி எடுத்து வைக்கும், விண்டோஸ் 10-ன் 1803 பதிப்போடு அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது திறந்து பார்த்தால் எல்லாம் 0 பைட். நல்லவேளை, கான்ஃபிக் முழுசாக இருந்தது. அது போயிருந்தால் இந்தக் கதையே வேறு.

மற்றவை ஏன் திரும்ப வரும் என்பதைப் பெரியப்பாவுக்கு நான் சொன்னபடியே சொல்கிறேன். நம்மவர்களில் பலருக்கு இரண்டு பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், ஆள் ஒருவர்தான். சிஸ்டம்32-ல் இருக்கும் விண்டோஸ் கோப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான். அதே கோப்புக்கு ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்ற ஃபோல்டரிலும் ஒரு பெயர் இருக்கிறது. இதை ஹார்ட் லிங்க் என்பார்கள். ஒரு பெயரை அடித்துவிட்டால் ஆள் செத்துப்போக மாட்டார், இன்னொரு பெயரில் இருந்துகொண்டுதான் இருப்பார். வின்எஸ்எக்ஸ்எஸ் இடத்தை அடைக்கிறது என்று அதை அழிக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரே கோப்பு இரண்டு பெயரிலும் கணக்காவதால்தான் அது அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அழித்தால் பழுதுபார்க்க எடுக்கும் இடமே போய்விடும்.

சித்தி மகன் கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைப் போட்டு 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 10 ஏற்றினோம். எங்கள் பகுதியில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது, இறக்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது, இரண்டாவது ராத்திரிதான் முழுசாக இறங்கியது. மடிக்கணினியின் பாட்டரியும் 20 நிமிஷம்தான் தாங்கும், அதனால் கரண்ட் வந்த உடனே ஆரம்பித்தால்தான் அடுத்த முறைக்குள் முடியும் என்று காத்திருந்து ஆரம்பித்தேன். பழுதுபார்க்கும்போது நடுவில் கணினி அணைந்துவிட்டால் இருந்ததும் கெட்டுவிடும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினால் கட்டளைகளைத் தட்டும் கறுப்பு ஜன்னல் திறக்கும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. அந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். எக்ஸ் என்பது நினைவகத்தில் ஓடும் தற்காலிக டிரைவ், நம் விண்டோஸ் எனக்கு டி என்று வந்தது. டிஸ்க்பார்ட் என்ற கருவியில் டிரைவ்களைப் பட்டியலிடும் லிஸ்ட் வால்யூம் கொடுத்து உறுதி செய்துகொண்டேன். பிறகு விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்னவ் கட்டளை, கூடவே எந்த விண்டோஸைச் சோதிப்பது என்று சொல்லும் ஆஃப்பூட்டிர், ஆஃப்வின்டிர் இரண்டிலும் டி-யைக் குறிப்பிட்டு. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் அது பென் டிரைவின் சூழலைச் சோதிக்கப் போய்விடும். இணையத்தில் பாதிப் பேர் பூட் பகுதியைச் சரிசெய்யும் பூட்ரெக் கட்டளைகளை ஓட்டச் சொல்கிறார்கள். என் பூட் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை, போனவை கோப்புகள். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

எஸ்எஃப்சி பெரும்பாலானவற்றைத் திரும்ப வைத்துவிட்டு, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. வின்எஸ்எக்ஸ்எஸ்-ஸிலேயே ஏற்கெனவே சில கோப்புகள் கெட்டிருந்திருக்கின்றன. வின்எஸ்எக்ஸ்எஸ்-ஸையே சரிசெய்யும் டிஸ்ம் என்ற கட்டளை அதற்குத்தான். ரெஸ்டோர்ஹெல்த் கொடுத்து, மூலமாகப் பென் டிரைவில் இருக்கும் ‘இன்ஸ்டால் டாட் இஎஸ்டி’யைக் காட்டினேன். அதில் ஹோம், புரோ என்று பல பதிப்புகள் ஒன்றாக இருக்கும், நம்முடையது எத்தனையாவது எண் என்று கெட் இமேஜ்இன்ஃபோ சொல்லும். தற்காலிக வேலைக்கு ஸ்கிராட்ச்டிர் என்று டி-யில் ஒரு காலி ஃபோல்டரையும் கொடுங்கள், எக்ஸ் டிரைவில் இடம் போதாது. இதற்காகவே விண்டோஸ் டாட் ஓல்டை உபுண்டுவிலிருந்து அழித்திருந்தேன், இந்த முறை ஒரே ஜன்னல் மட்டும் திறந்து, பாதையை மூன்று தடவை வாசித்துவிட்டு.

62.3 சதவீதத்தில் நின்றது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், எண் அசையவில்லை. டிஸ்ம் அந்த இடத்தில் நிற்பது எல்லோரும் பார்த்ததுதான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வயிறு கலங்கியது. டிஸ்க் விளக்கு விட்டு விட்டு மினுக்குவதை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரேயடியாக 100-க்குத் தாவியது. மறுபடி எஸ்எஃப்சி. இந்தத் தடவை எல்லாம் சரியாகிவிட்டது என்றது.

விண்டோஸ் வந்தது. வைஃபை வரவில்லை. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் வேறு நிறுவனத்துடையது, எஸ்எஃப்சி அதைக் கவனிக்காது. கைபேசியை யூஎஸ்பியில் இணைத்து அதன் இணையத்தில் டிரைவரை எடுத்துப் போட்டேன். கடைசியாக, விண்டோஸுக்குள் இருந்தபடியே பென் டிரைவின் செட்அப்பை ஓட்டி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். என் கண்ணில் படாமல் ஏதாவது குறை இருந்தால் அதுவும் இதில் சரியாகிவிடும். அன்றைக்கே மறக்காமல் டிஸ்க் கிளீனப்பையும் ஓட்டினேன், அது மறுபடி ஒரு விண்டோஸ் டாட் ஓல்டை உண்டாக்கியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறாம் பாடத்தைத் திறந்தார். பழம், வாழை, கிழங்கு. ஒவ்வொரு ‘ழ’கரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார், பக்கத்தில் பர்மிய எழுத்துகளும் வட்டம் வட்டமாக ஒழுங்காக நின்றன.

“சரி தம்பி, இதை 19 பிரதி எடுத்துடு. கரண்ட் போறதுக்குள்ள எடுத்துடு.”