கேரவன் கெய்சரில் ஒழுக்கு: எங்கே என்பதற்கு முன் எப்போது என்று பார்த்தது

வண்டி நிற்பது ராமேசுவரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊரில். டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றியது. பின்பக்கப் பெஞ்சுக்கு அடியில் 15 லிட்டர், 2000 வாட் கெய்சர். கரண்ட் வெளியிலிருந்து ஒயர் இழுத்து எடுப்பது. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப். குழாயை மூடினால் 3 பார் அழுத்தத்தில் பம்ப் தானாக நின்றுவிடும், 2 பாருக்கு இறங்கினால் மறுபடி ஓடும். லைன் முழுக்க அரை இஞ்ச் சிபிவிசி, அதாவது சுடுநீருக்கான பிளாஸ்டிக் பைப். குறை ஒன்றுதான்: பாத்ரூம் ஓர மூலையில், வினைல் விரிப்புக்கு அடியில் ஈரம். துடைத்துக் காயவைத்தாலும் திரும்ப வருகிறது.

வண்டியில் ஈரம் தெரியும் இடத்தை நோண்டிப் பயனில்லை. தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் போய் நிற்கும். கெய்சருக்குள் டேங்கைச் சுற்றிச் சூட்டைக் காக்கும் பஃப் ஃபோம் வேறு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மேலே கசிந்ததைக் கீழே வேறொரு மூலையில் விடும். அதனால் எங்கே ஒழுகுகிறது என்ற கேள்வியைத் தள்ளி வைத்து, எப்போது ஒழுகுகிறது என்பதில் தொடங்கினோம். ஆறியிருக்கும்போதா, சூடேறும்போதா, சூடு இறங்கும்போதா, வண்டி ஓடும்போதா? இந்த நான்கில் ஒன்று பிடிபட்டாலே பாதி ஜாயிண்ட்டுகளைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

அதற்கும் முன்னால், அது எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டும். கடற்கரைக் காற்றில் விடியற்காலையில் தகரமெல்லாம் வியர்க்கும், ஏசித் தண்ணீரும் சொட்டும், ரூஃப் ஹேட்ச் வழியாக மழையும் இறங்கும். இதைப் பிரிக்க இந்தப் பக்கத்தில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைவிட நல்ல கருவி இல்லை. தொட்டியில் இருந்தது போர் தண்ணீர், மீட்டரில் 1840 காட்டியது. (குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அளவு 500, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை.) ஏசி சொட்டு 30ஐத் தாண்டவில்லை. மூலையில் ஸ்பாஞ்சால் ஒற்றிப் பிழிந்த தண்ணீர் 2100. கொஞ்சம் ஆவியாகி உப்பு கூடியிருக்கிறது, ஆனால் நம் லைன் தண்ணீர்தான். காவிரிக் கூட்டுக்குடிநீர் நிரப்பிய வண்டியில் இந்த வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரியாது.

அடுத்து, ஆறிய நிலையில் சோதனை. வெளி கரண்ட் பிளக்கைக் கழற்றியாயிற்று. எம்சிபியை இறக்கியது மட்டும் போதாது. எல்லாக் குழாயையும் மூடி, பம்பை ஆனில் விட்டு, ஒரு மணி நேரம் காது கொடுத்தோம். பம்ப் ஒருமுறைகூட ‘டர்’ரென்று ஓடவில்லை. வாஷ்பேசின் சுடுநீர்க் குழாய்க்கு அடியில் டீ (மூன்று வாய் ஜாயிண்ட்) போட்டு மாட்டிய 10 பார் அழுத்தக் கேஜும் 3லேயே நின்றது. இப்படி நின்றால் டேங்க்கில் ஓட்டை என்ற பயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். டேங்க் ஓட்டையானால் ஆறியிருக்கும்போதும் கசியும், பாடி மடிப்பிலிருந்து துருநிறத்தில் சொட்டும், எலிமெண்ட் முனை நனைந்து ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் கட் ஆகும் பிரேக்கர்) விழத் தொடங்கும். பம்ப் அடிக்கடி ஓடி கேஜ் மட்டும் அசையாமல் நின்றால், பம்பை அடுத்த பால் வால்வை மூடிப் பாருங்கள். அப்புறமும் ஓடினால் பம்பின் உள்வால்வு தேய்ந்து தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. நின்றுவிட்டால் பம்புக்கும் கெய்சருக்கும் இடையில் பச்சைத் தண்ணீர் லைனைப் பாருங்கள்.

பிறகு சூடு. கேஜ் 3லிருந்து மளமளவென்று ஏறி 8ஐ நெருங்கியதும் சேஃப்டி வால்விலிருந்து சொட்டு வந்தது. இது பழுது அல்ல. தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 70க்குப் போனால் கிட்டத்தட்ட 1.8 சதவீதம் பெருகும், 15 லிட்டருக்கு அது 275 மில்லி. உள்ளே வரும் வழியில் ஒருவழி வால்வு இருப்பதால் பெருகிய தண்ணீர் திரும்பிப் போக முடியாது, சேஃப்டி வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். பாட்டிலில் பிடித்தது 240 மில்லி, கணக்கோடு ஒத்துப்போகிறது. தெர்மோஸ்டாட் கட் ஆனதும் சொட்டும் நின்றது. நிற்காமல் சொட்டினால்தான் வால்வு சீட்டில் உப்புத் துணுக்கு சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஆறிய பின் லீவரை இரண்டு மூன்று முறை தூக்கி விட்டால் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆறும்போது ஒரு விஷயம் பலரை ஏமாற்றும். பெருகிய தண்ணீர் சுருங்கும், அழுத்தம் இறங்கும், யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் ஒரு தடவை ஓடும். அதைக் கேட்டதும் ஒழுக்கு என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆனால் மூலையில் வந்த ஈரம் 240 மில்லிக்குள் அடங்கவில்லை, சொட்டுக் குழாயும் வண்டிக்கு வெளியேதான் போகிறது. மிச்சம் இருந்தது ஓட்டம். ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் துணியால் துடைத்து உலர்த்தி, டிஷ்யூ பேப்பரை இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் கரையும் மையுள்ள ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் எழுதினோம். இந்த மை முக்கியம். கடற்காற்றில் ஈர டிஷ்யூ சீக்கிரம் காய்ந்துவிட்டாலும், ஒருமுறை நனைந்த இடத்தில் எழுத்து பரவிக் கிடக்கும். தண்ணீரைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வரை போய்த் திரும்பினோம். கெய்சரின் சுடுநீர் நிப்பிளில் (சுடுநீர் வெளிவரும் மரை போட்ட குட்டிக் குழாய்) சுற்றிய டிஷ்யூவில் மட்டும் நம்பர் நீலத் திட்டாகிவிட்டிருந்தது. மற்றவை எழுதியபடியே இருந்தன.

அந்த நிப்பிளை டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் ஏற்கெனவே சாட்சி அங்கேயே இருந்தது. மரையின் அடிப்பக்கம், கண்ணுக்கு மறைவாக, வெள்ளையாக உப்புப் பூத்து, மீசை போலக் கீழே வழிந்து கட்டியிருந்தது. காற்றில் வரும் உப்பு எல்லா இடத்திலும் மெலிதாகத் தூசி போலப் படியும், துடைத்தால் போகும். ஒழுக்கில் வரும் உப்பு தடித்து, ஒரே கோடாக, நகத்தால் சுரண்ட வேண்டியதாக இருக்கும்.

காரணம் டேப்போ வாஷரோ அல்ல, பைப் போட்ட விதம். 15 கிலோ தண்ணீரோடு கெய்சர் அதன் பிராக்கெட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சம் ஆடுகிறது. சுடுநீர்ப் பைப்போ சுவரில் கிளாம்ப் அடித்த நேர் சிபிவிசி, அது ஆடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியது நிப்பிள். வீட்டுச் சுவரில் வருடக்கணக்கில் நிற்கும் இந்த வேலை, வண்டியில் நிற்காது.

சரிசெய்தது இப்படி. கெய்சரைத் தண்ணீர் வடித்துக் காலியாக்கி, சிபிவிசியை 50 சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் சுடுநீருக்கான கனெக்‌ஷன் ஓஸ் போட்டோம். அதை இழுத்துக் கட்டாமல் லேசாக வளைந்து தொங்கும்படி விட்டிருக்கிறது. நிப்பிள் மரையைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, டெஃப்ளான் டேப்பைத் திருகும் திசையிலேயே 12 சுற்று. இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் கட்டாயம், ஒன்று நிப்பிளை அசையாமல் பிடிக்க. நிப்பிள் திரும்பினால் டேங்க் உள்பூச்சு விரிசல் விடும், அதோடு டேங்க் கதை முடிந்தது. கெய்சர் பாடியைச் சுற்றி ராட்செட் பெல்ட் ஒன்றும் ரப்பர் ஷீட் வைத்துப் போட்டாயிற்று. ஓஸின் வெளிக் கம்பிப் பின்னலை உப்புக் காற்று அரிக்கும். ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் ஓஸை மாற்றிவிடுங்கள்.

கூடவே, பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் காற்றடைத்த 2 லிட்டர் எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்றை ஒருவழி வால்வுக்கும் கெய்சருக்கும் இடையில் சேர்த்தோம். வால்வுக்கு முன்னால் மாட்டினால் பிரயோஜனம் இல்லை. மாட்டும் முன், தண்ணீர்ப் பக்கம் காலியாக இருக்கும்போது காற்றை 3 பார் அடித்துக்கொள்ள வேண்டும். இப்போது முழுச் சூட்டில் கேஜ் 4க்குக் கீழேயே நிற்கிறது, சேஃப்டி வால்வும் சொட்டுவதில்லை. இது வெறும் வசதிக்காக அல்ல: எஸ்டிஆர் 11 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்) சிபிவிசி 23 டிகிரியில் 27 பார் தாங்கும், 82 டிகிரியில் 7 பாருக்கும் சற்றுக் குறைவுதான். 8 பாரில் திறக்கும் வால்வை நம்பிக் கொதிநீரை அந்தப் பைப்பில் விடுவது சரியில்லை. தெர்மோஸ்டாட்டையும் 60க்கு இறக்கியாயிற்று.

கெய்சர் காலியாக இருந்ததால் டேங்குக்குப் பதில் தான் அரிபட்டு டேங்கைக் காக்கும் ஆனோடு ராடையும் கழற்றிப் பார்த்தோம். நடுக்கம்பி ஓரிடத்தில் தெரிந்ததால் புதிது போட்டாயிற்று. இந்த உப்புத் தண்ணீரில் வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு செல்லாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். டேங்க் நிரம்பி, சுடுநீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகே கெய்சர் சுவிட்ச். காலி டேங்கில் போட்டால் எலிமெண்ட் போய்விடும்.

டிஷ்யூ சுற்றி அதே ரோட்டில் மறுபடி ஓட்டியதில் எந்த நம்பரும் கலையவில்லை. விரிப்பு இன்னும் சுருட்டித்தான் இருக்கிறது. அடியில் பிளைவுட் ஓரம் ஊறியிருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் முனை அழுந்துகிறது. அந்தத் துண்டை அறுத்து மரைன் பிளை வைத்து, ஓரத்துக்கு எபாக்சி பூசிய பிறகுதான் விரிப்பைப் போட வேண்டும்.