சம்பந்தியம்மாவோடு பேசும் அளவுக்கு ஜெர்மன்

மகன் ஜெர்மனியின் ராய்ட்லிங்கன் நகரத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே பெண்ணெடுத்த பிறகு, எங்கள் மதுரை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றாலே வீடியோ அழைப்புதான். மருமகள் ஆங்கிலத்தில் சமாளித்துவிடுவாள். அவளுடைய அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜெர்மன் வராது. இரண்டு சம்பந்திகளும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே எத்தனை காலம் ஓட்டுவது? தை பிறந்ததும் படிக்க உட்கார்ந்துவிட்டேன். தேர்வு எழுதும் எண்ணமெல்லாம் இல்லை. உறவு, வீடு, அடுப்படி ஆகிய மூன்றையும் பற்றி நாலு வாக்கியம் பேச வேண்டும், அவ்வளவுதான்.

நல்லவேளையாக இவை எல்லாமே முதல் படியான ஏ1 பாடத்திலேயே வந்துவிடுகின்றன. கணவனோ மனைவியோ ஜெர்மனியில் இருக்க, அங்கே போய்ச் சேர விரும்புபவரிடம் 2007 முதல் பெரும்பாலும் இந்த ஏ1 சான்றிதழைக் கேட்கிறார்கள். நம் ஊரில் கல்யாணமான கையோடு ஜெர்மன் படிக்கப் போகும் பெண்கள் உருப்போடுவதும் இதே பாடங்களைத்தான். நான் வகுப்புக்குப் போகவில்லை. டாய்ச்ச வெல்லெ ஒலிபரப்பு நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்களும், அந்நாட்டு முதியோர் கல்வி நிலையங்களின் கூட்டமைப்பு நடத்தும் இலவசக் கற்றல் தளமும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. ஜெர்மன் வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். இது ஊன்றுகோல் மட்டுமே. காதால் கேட்டுத்தான் உச்சரிப்பைப் பிடிக்க வேண்டும்.

எல்லாப் பாடங்களும் குடும்பப் புகைப்படத்தோடுதான் தொடங்குகின்றன. டாஸ் இஸ்ட் மைனெ முட்டர், இது என் அம்மா. டாஸ் இஸ்ட் மைன் ஃபாட்டர், இது என் அப்பா. ஆணுக்கு மைன், பெண்ணுக்கு மைனெ. 'எனக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள்' என்பதற்கு, இஷ் ஹாபெ ஐனென் ஸோன் உன்ட் ஐனெ டொஹ்டர். ஜெர்மன்காரர்களுக்குப் பிள்ளைகள் 'இருப்பதில்லை', அவர்கள் பிள்ளைகளை 'வைத்திருக்கிறார்கள்'. அதனால் மகன் செயப்படுபொருளாகிவிடுகிறான், 'ஐன்' என்பது 'ஐனென்' ஆகிறது. மகளுக்கு இந்த மாற்றம் கிடையாது. இரண்டாம் வேற்றுமையில் ஆண்பால் மட்டுமே உருமாறும் என்ற விதியைப் புத்தகம் பின்னால் ஒரு கட்டம் போட்டு விளக்குகிறது. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டால் கட்டமே தேவையில்லை.

வயதைச் சொல்வதுதான் கொஞ்சம் படுத்தியது. இருபத்தொன்று என்பது அங்கே 'ஒன்றும் இருபதும்': ஐன் உன்ட் ட்ஸ்வான்ட்ஸிஷ். மகளுக்கு முப்பத்தாறு என்றால் முதலில் ஆறு, அப்புறம் முப்பது. என் உறவுக்காரர்கள் எல்லோருடைய வயதையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பாக்கள், அத்தைகள், நாத்தனார் பிள்ளைகள் என்று நம் குடும்பங்களில் பயிற்சிக்கா பஞ்சம்?

உறவுப் பெயர்களை வேகமாகக் கடந்துவிட்டேன். நம்மைப் போல் அண்ணன், தம்பி எனத் தனித்தனிச் சொல் கிடையாது. ப்ரூடர்தான். வேண்டுமானால் 'மூத்த', 'இளைய' என்று சேர்த்துக்கொள்ளலாம். பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் ஓன்கெல். பெரியம்மா, சித்தி, அத்தை மூவரும் டன்டெ. 'இவ்வளவுதானா உங்கள் உறவு?' என்று ஏளனமாக நினைக்கத் தோன்றும். ஆனால் சொற்பிறப்பைத் தேடிப் பார்த்தபோது வேறு சங்கதி தெரிந்தது. பழைய ஜெர்மனில் அம்மாவின் சகோதரருக்கு ஓஹைம், அப்பாவின் சகோதரருக்கு ஃபெட்டர், அம்மாவின் சகோதரிக்கு மூமெ, அப்பாவின் சகோதரிக்குப் பாஸெ என்று நான்கு தனிப் பெயர்கள் இருந்திருக்கின்றன. தாய்மாமனையும் சித்தப்பாவையும் அவர்களும் பிரித்துத்தான் பார்த்தார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சிலிருந்து ஓன்கெலும் டன்டெயும் வந்து நான்கையும் ஓரங்கட்டிவிட்டன. ஃபெட்டர் மட்டும் இன்று, ஒன்றுவிட்ட சகோதரன் என்ற பொருளில் பிழைத்துக் கிடக்கிறது.

சம்பந்தியம்மாவை ஜெர்மனில் எப்படிக் குறிப்பிடுவது என்று மகனைக் கேட்டேன். டீ முட்டர் மைனர் ஷ்வீகர்டொஹ்டர், 'என் மருமகளின் தாய்' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும் என்றான். சரி, இரண்டு முறை சொன்னால் நாக்குக்குப் பழகிவிடுகிறது.

புகைப்படப் பாடத்தின் பயன் இவ்வளவுதான் என்பது முதல் உரையாடலிலேயே தெரிந்துவிட்டது. இவர் என் கணவர், ஓய்வு பெற்றவர்; இவள் என் மகள், திருச்சியில் இருக்கிறாள்; உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? ஹாபென் ஸீ கெஷ்விஸ்டர்? ஒரு தங்கை உண்டு, உல்மில் இருக்கிறாள் என்றார். முடிந்தது. குடும்பத்தை ஒரு தடவைதானே அறிமுகப்படுத்த முடியும்? அடுத்த வாரம் அதே தங்கையைப் பற்றியா விசாரிப்பது? பாடநூல்கள் உறவுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியை வீட்டு வேலைக்குக் கொடுக்கலாம். துவைப்பதும் துடைப்பதும் சமைப்பதும் வாராவாரம் உண்டு, பேச்சும் வாராவாரம் உண்டு.

ஆகவே பங்குனியிலிருந்து அடுப்படிக்குள் இறங்கினேன். இங்கேதான் டெர், டீ, டாஸ் என்ற ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் தொல்லை. சாப்பாட்டு மேசையிலேயே மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. கரண்டி ஆண்: டெர் லொஃபெல். முள்கரண்டி பெண்: டீ காபெல். கத்தி அஃறிணை: டாஸ் மெஸ்ஸர். ஏன் என்று கேட்கக் கூடாது. 'குழந்தை அழுகிறது' என்று சொல்லும் நமக்கு டாஸ் கின்ட் என்று குழந்தையை அஃறிணையாக்குவதில் வியப்பில்லை. பருவப் பெண்ணையும் டாஸ் மேட்ஷென் என்று அதே வரிசையில் நிறுத்துவதுதான் உறுத்தியது. 'ஷென்' என்று முடியும் செல்லப் பெயர்கள் எல்லாமே அஃறிணை என்பதுதான் காரணமாம்.

பொருட்களின் மேல் பெயர்ச் சீட்டு ஒட்டிப் படிப்பதை எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஒட்டினேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒன்று, சலவை இயந்திரத்தில் ஒன்று. மிக்ஸியில் ஒட்டியதை மட்டும் வீட்டுக்காரர் பிய்த்துப் போட்டுவிட்டார். சீட்டுகளால் கிடைத்த பலன் பெயர்கள் அல்ல, ஒரு சூட்சுமம். ஜெர்மனில் பாதிப் பொருட்களின் பெயர் கூட்டுச்சொல். கூட்டுச்சொல்லின் பால் எதுவென்று அதன் கடைசிச் சொல்தான் தீர்மானிக்கிறது. ஷ்ரங்க் என்றால் அலமாரி, ஆண்பால். ஆகவே குளிர்சாதனப் பெட்டியான க்யூல்ஷ்ரங்க் ஆண்பால், துணி அலமாரியான க்லைடர்ஷ்ரங்க்கும் ஆண்பால். மஷீனெ பெண்பால். ஆகவே துணி துவைக்கும் வஷ்மஷீனெ, பாத்திரம் கழுவும் ஷ்ப்யூல்மஷீனெ, காப்பி போடும் கஃபெமஷீனெ எல்லாமே டீ. ட்ஸிம்மர் என்றால் அறை, அஃறிணை. கூடம், படுக்கையறை, குளியலறை, சாப்பாட்டு அறை அத்தனையும் ஒரே மூச்சில் டாஸ். இந்த மூன்று வால்களைப் பிடித்துக்கொண்டதில் வீட்டின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. சமையலறைக்கு மட்டும் டீ க்யூஷெ என்று தனிப் பெயர். உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்ல வேண்டும். குவியாவிட்டால் தேவாலயமான கிர்ஷெ பக்கம் போய்விடும். 'ஊ' என்று இழுத்தால் கேக்கான கூஹென் எட்டிப் பார்க்கும்.

அந்தக் கேக்குக்கும் எங்கள் அழைப்புக்கும் தொடர்பு உண்டு. கோடையில் நமக்கு மாலை ஏழு என்றால் அங்கே பிற்பகல் மூன்றரை. அதை அவர்கள் 'ஹல்ப் ஃபீர்', அதாவது நான்கில் பாதி என்பார்கள். நான்கரை என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தால் அழைப்பு முடிந்தே போயிருக்கும். ஞாயிறு பிற்பகல் மூன்றரை அவர்களுக்குக் காப்பியும் கேக்கும் சாப்பிடும் நேரம். சம்பந்தியம்மா தட்டோடுதான் திரைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன வேலை செய்தீர்கள் என்று நான் பாடம் ஒப்பித்தால், நிஷ்ட்ஸ், ஒன்றுமில்லை என்பார். ஞாயிறு அமைதி நாள். தூசி உறிஞ்சியை ஓட்டினால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள்.

ஒரு நாள் அவர் எழுந்து போய்ச் சிறு அட்டை ஒன்றை எடுத்து வந்து கேமராவுக்கு முன் நீட்டினார். மூலை மழுங்கி, மேலே ஒரு கயிறு கோத்திருந்தது. கேர்வொஹெ என்று எழுதியிருந்தது. கூட்டும் வாரம். அடுக்குமாடி வீடுகளில் இந்த அட்டை யார் கதவில் தொங்குகிறதோ அவர் அந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். முடித்ததும் அட்டை பக்கத்து வீட்டுக் கதவுக்கு மாறும். ராய்ட்லிங்கன் இருக்கும் தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வாபியப் பகுதிக்கே உரிய வழக்கம் இது. இதன் வேரை 1492ஆம் ஆண்டின் ஷ்டுட்கார்ட் நகரச் சட்டம் வரை கொண்டுபோகிறார்கள். சிறிய கேர்வொஹெ என்றால் தன் வீட்டு வாசற்படி, பெரிய கேர்வொஹெ என்றால் நடைபாதை, நிலவறை எல்லாம். வாசல் தெளித்துக் கோலம் போடும் எனக்கு அதைப் புரியவைக்க அவர் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

அன்று கற்றது பிரியும் வினைச்சொற்கள். ரவுஸ்ப்ரிங்கென் என்றால் வெளியே கொண்டுபோய் வைப்பது. வாக்கியத்தில் அது இரண்டாக உடைந்துவிடும்: இஷ் ப்ரிங்கெ டென் ம்யுல் ரவுஸ், நான் குப்பையை வெளியே கொண்டுபோகிறேன். ஒழுங்குபடுத்துவது: இஷ் ரொய்மெ டீ க்யூஷெ அவுஃப். கடைக்குப் போவது: இஷ் கவுஃபெ ஐன். வினையின் தலை முன்னால், வால் கடைசியில். வால் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். எனக்குக் கை கொடுத்தது 'முஸ்'. 'வேண்டும்' என்ற பொருளில் அதைச் சேர்த்தால், முழு வினையும் தமிழைப் போலவே கடைசிக்குப் போய்விடுகிறது: இஷ் முஸ் டீ க்யூஷெ அவுஃப்ரொய்மென். உடைசலும் இல்லை. ஆகவே இப்போதைக்கு நான் எதையும் செய்வதில்லை, எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது. ஜெர்மனில் என்னைப் போல் கடமை தவறாத பெண்மணி கிடையாது.

இடையில் இன்னொரு திருப்பம். வொலென் வீர் உன்ஸ் டூட்ஸென்? என்றார் ஒரு வாரம். இனி 'ஸீ' (நீங்கள்) வேண்டாம், 'டூ' (நீ) என்றே பேசிக்கொள்வோமே என்கிறார். வயதில் பெரியவர்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அங்கே முறை, அவர் என்னைவிடப் பெரியவர். குடும்பத்துக்குள் பாட்டிக்கும் 'டூ'தான், மாமியாருக்கும் 'டூ'தான். ஆனால் சம்பந்தியை நீ என்று சொல்ல என் வாய் எழவில்லை. மருமகள் சிரித்தபடி, மறுத்தால் விலக்கி வைப்பதாக நினைத்துக்கொள்வார் என்றாள். ஒப்புக்கொண்டேன். விலை என்னவென்றால், மாதக்கணக்கில் உருப்போட்ட மரியாதை வாக்கியங்கள் அனைத்தையும் திருப்பித் தைக்க வேண்டியதாயிற்று. ஹாபென் ஸீ போய் ஹஸ்ட் டூ. 'சமைக்கிறீர்களா' என்ற கொஹென் ஸீ போய் கொஹ்ஸ்ட் டூ. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் முதல் நாளிலிருந்தே இரண்டு வடிவிலும் சொல்லிப் பழகுவது நல்லது.

இப்போது வாராவாரம் நான் கேட்கும் முதல் கேள்வி மதுரைக்காரி கேட்கும் கேள்விதான்: ஹஸ்ட் டூ ஷோன் கெகெஸ்ஸென்? சாப்பிட்டாயா? அவர் ஒவ்வொரு முறையும் அக்கறையாக மதியச் சாப்பாட்டை விவரிக்கிறார். அப்படித்தான் ஷ்பெட்ஸ்லெ வந்தது. மாவு, முட்டை, தண்ணீர், உப்பு சேர்த்துப் பிசைந்த தளர்வான மாவைக் கொதிக்கும் நீரில் பிழிகிறார்கள். வெந்து மேலே மிதந்ததும் அரித்தெடுக்கிறார்கள். பிழிவதற்கு அவர் எடுத்துக் காட்டிய கருவியைக் கண்டதும் நான் உள்ளே ஓடி இடியாப்ப உரலை எடுத்து வந்தேன். நீண்ட இரண்டு கைப்பிடியை விட்டால் அண்ணன் தம்பிதான். கிண்ணத்தைப் பிடி என்று மகளிடம் அவர் 'ஹேப்' என்றார். அகராதியில் ஹேபென் என்றால் தூக்குவது. ஷ்வாபியர்களுக்கோ அது பிடித்துக்கொள்வது. டெப்பிஷ் என்றால் புத்தகத்தில் தரைவிரிப்பு, அவர்கள் வீட்டில் போர்வையும் அதுவே. நாடகமேடையான ப்யூனெ அவர்களுக்குப் பரண். ஜாமுக்கு க்ஸெல்ட்ஸ். இவற்றுக்குத் தனி நோட்டு போட்டிருக்கிறேன். ஏ1 பாடத்தில் இவை வராது, பேத்தியின் வாயில் வரும்.

இப்போது நிற்கும் இடம் அலமாரி. எங்கே வைக்கிறேன் என்பதற்கு ஒரு வேற்றுமை, எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னொன்று. மேசைக்குக் கொண்டுபோய் வைத்தால் அவுஃப் டென் டிஷ், மேசையில் இருந்தால் அவுஃப் டெம் டிஷ். போதாததற்கு, தட்டு மேசையில் 'நிற்கிறது', கத்தி 'படுத்திருக்கிறது'. கிண்ணமும் குவளையும் நிற்கும், கைத்துண்டு படுக்கும், சட்டை தொங்கும். தினமும் பாத்திரம் அடுக்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்லி வைக்கிறேன். ஆவணி முடிவதற்குள் இது கைவர வேண்டும். புரட்டாசியில் அவர்கள் எல்லோரும் மதுரைக்கு வருகிறார்கள். என் அடுப்படியில் எது எங்கே நிற்கிறது என்று சம்பந்தியம்மா கேட்கத்தான் போகிறார்.